மூன்றாவது ஓலையை நிறுத்தியது நான்தான்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்களுடைய மூன்றாவது கல்யாண ஓலையை ஃபாதர் வாசிக்கவில்லை என்பது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். முதல் இரண்டு ஞாயிறும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்டார். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் ஏற்காட்டில் பேச்சு. அது யார் என்று நீ பெங்களூரில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டிருப்பாய். மெர்சியின் சித்தப்பாவா, அவளோடு வேலை பார்க்கும் டீச்சரா, அல்லது மெர்சியே போய்ச் சொல்லிவிட்டாளா என்று யோசித்திருப்பாய். கடைசியில் சொன்னதில்தான் உன் மனம் நின்றிருக்கும். உன் புத்தி போகிற வழி எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்த புத்தி. அந்தச் சிரமம் உனக்கு வேண்டாம். போய்ச் சொன்னது நான்தான். இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று அவளையும் அவள் வீட்டையும் கேட்டுக்கொண்டதும் நான்தான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். அதில் எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ படித்துவிட்டாயா, அந்த இரண்டு கோடும் நீலமாகிவிட்டதா என்று நான் நாள் முழுக்க அதையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சாமானை நான் நம்புவதில்லை. அது கையில் இருக்கும்போது என்னையும் நான் நம்புவதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதி கொரியரில் போடுகிறேன்.

நான் முப்பத்தொரு வருஷம் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன். காலையில் செக்ரோல் என்கிற ஆஜர் புத்தகத்தில் பேர் குறிப்பது, எந்த ஆள் எந்தக் காட்டில் நிற்கிறாள் என்று எழுதுவது, அப்புறம் எழுதினபடி நிற்கிறாளா என்று போய்ப் பார்ப்பது, இதுதான் பிழைப்பு. வருகிறேன் என்று தெரிந்தால் எல்லாருடைய கையும் ஓடும். அதனால் தெரியாமல் வரவேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காப்பிச் செடிக்குப் பின்னால் பத்து நிமிஷம் மூச்சை அடக்கி நிற்பேன். பழம் பறிக்கிற பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினால்கூட எனக்குத் தெரியும். துரைமார் காலத்துப் பழக்கம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நல்ல ரைட்டர் என்று எனக்குப் பேர் வந்ததே அதனால்தான். ஒரு ஆளைச் சந்தேகப்பட்டே இத்தனை வருஷம் சோறு தின்றால் அது ரத்தத்தில் ஊறிவிடும். இப்போது கடையில் பழம் வாங்கினாலும் அடியில் இருப்பதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று நீ மெர்சிக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாய். எல்லாருக்கும் பெருமை. எனக்கும்தான். இப்படி வாரிக் கொடுக்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று மாரமங்கலத்தில் அவர்கள் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் எங்கே போனாலும் உன் போனில் தெரியும்படி செய்து கொடுத்திருக்கிறாய் என்பது எனக்குக் கிறிஸ்துமசுக்கு நீ வந்தபோதுதான் தெரிந்தது. சேலத்துக்குத் துணி எடுக்கப் போனவள் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். நீ என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். அடிவாரத்திலிருந்து ஒரு நீலப் புள்ளி மலை ஏறி வந்தது. மூன்றாவது கொண்டை ஊசி தாண்டிவிட்டாள், இதோ நாலாவது என்று நீ சொல்லச் சொல்ல நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பாதுகாப்புக்கு என்றாய். மலைப்பாதையில் தனியாக வருகிற பெண் பிள்ளை, நல்லதுதானே என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நொம்பப் பிடித்திருந்தது. செடிக்குப் பின்னால் நிற்காமலே, காலில் முள் குத்தாமலே பார்க்க முடிகிறதே என்று இருந்தது. என் காலத்தில் இது இல்லாமல் போயிற்றே என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் புள்ளி நின்றுவிட்டது. பாதி மலையில் ஒரு வளைவில் நாற்பது நிமிஷம் அப்படியே நின்றது. முதல் பத்து நிமிஷம் நீ பயந்தாய், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு உன் முகத்தில் இருந்தது பயம் இல்லை. பதினோரு தடவை கூப்பிட்டாய். பதினோராவது தடவை நீ பல்லைக் கடித்ததை நான் பார்த்தேன். பஸ்ஸில் யார் யார் வருகிறார்கள், கூட யார் போனார்கள் என்று அம்மாவிடம் விசாரித்தாய். அவள் நேரே நம் ஊட்டுக்குத்தான் வந்தாள், துணிப்பையோடு, களைத்துப்போய். லாரி ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டு வண்டியெல்லாம் நின்றுவிட்டதாம், டவரும் இல்லையாம். நீ ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அவள் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். வளைவில் குறுக்கே நிற்கிற லாரி, பின்னால் வரிசையாக வண்டிகள். நீ வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சரி என்று திருப்பிக் கொடுத்தாய்.

அன்றைக்கு அவள் நம் மேஜையில் உட்கார்ந்து தன் வகுப்பில் ஒரு பையன் பரீட்சைத் தாளில் அவள் படத்தை வரைந்து வைத்ததைச் சொல்லிச் சிரித்தாள். நீ தலையாட்டிக்கொண்டே போனைப் பார்த்தாய். எட்டிப் பார்த்தேன். அந்தப் புள்ளி நம் ஊட்டின் மேல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஆள் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். "கரெக்டாத்தான் காட்டுதுப்பா" என்றாய். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த லாரி போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குள் ஏதோ ஒன்று சரியில்லாமல் இருந்தது. எங்கேயோ பார்த்த காரியமாக இருந்தது. அது என்ன என்று அன்றைக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

இனி உன் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். நீ கேள்விப்படாததை எழுதுகிறேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் அதே எஸ்டேட்டில் பழம் பறித்தவள் என்பது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு வருஷம் வேலைக்கு வந்தாள். ஏழாம் நம்பர் காட்டில் ஒரு மேஸ்திரி இருந்தார், எல்லாரையும் சிரிக்க வைக்கிற மனுஷன். ஒரு நாள் செடிக்குப் பின்னால் நிற்கும்போது அம்மா அவர் பேச்சுக்குச் சிரித்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன். மறுநாள் செக்ரோலில் அவள் பேரை ஏழாம் நம்பரிலிருந்து எடுத்து, பழம் தோலுரிக்கிற பல்ப்பர் கொட்டகையில் போட்டுவிட்டேன். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற வேலை. பேனாவால் ஒரு கோடு போட்டால் போதும், ஆளை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அது வீணாகப் போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் சேலத்தில் தங்கச்சி ஊட்டுக்குப் போய்விட்டு ஒரு பஸ் தாமதமாக வந்தாள். நான் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று டிரைவரிடம் அவள் எங்கே ஏறினாள் என்று விசாரித்திருக்கிறேன். நாலு பேர் பார்க்க விசாரித்தேன். அவள் ஊட்டுக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, பஸ் டிக்கெட்டை எடுத்து என் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று ஆரம்பித்தது. இன்றைக்கும் எங்கே போய் வந்தாலும் டிக்கெட்டை மேஜையில் வைக்கிறாள். நான் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன், அவள் வைப்பதை விடவில்லை. நீ சின்ன வயதில் அந்த டிக்கெட்டுகளைச் சேர்த்து வைத்துக் கண்டக்டர் விளையாட்டு விளையாடுவாய். உன் அம்மா என்னிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. ஆனால் கேட்காத எதையும் சொன்னதும் இல்லை. அவளுக்கு மாம்பழம் பிடிக்காது என்பதே எனக்குப் போன வருஷம்தான் தெரியும், அதுவும் உன் பெரியம்மா சொல்லித் தெரியும். இத்தனை வருஷம் சீசனுக்குச் சீசன் கூடை கூடையாக வாங்கிப் போட்டிருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்தவன், நீ கூப்பிட்டபோது போனேன் பார், அதுதான் வெட்கம். மூன்று சனிக்கிழமையாகப் பள்ளிக்கூடம் அரை நாள் முடிந்ததும் அவள் வெள்ளக்கடை கிராமத்துக்குப் போகிறாள், ஒரே ஊட்டில் இரண்டு மணி நேரம் புள்ளி அசையாமல் நிற்கிறது, கூப்பிட்டால் எடுப்பதில்லை என்றாய். அது யார் ஊடு என்று பார்த்துவிட்டு வாங்கப்பா என்றாய். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ வண்டிக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தேன். ரிட்டையர் ஆகி ஏழு வருஷத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகிற சுறுசுறுப்பு வந்துவிட்டது, கண்ணு.

நீ அனுப்பிய மேப் படத்தில் புள்ளி நின்ற ஊடு ஒரு தையல்காரம்மாவுடையது. முன் அறையில் மிஷின், சுவரில் தைத்த ஜாக்கெட்டுகள். ஜன்னல் ஓரத்தில் நீ வாங்கிக் கொடுத்த போன் சார்ஜில் கிடந்தது. நான் நிற்கும்போதே அது அடித்தது. உன் போட்டோ வந்து வந்து போயிற்று. டீச்சர் எங்கே என்று கேட்டேன். சனிக்கிழமையானால் போனை இங்கே வைத்துவிட்டு மேட்டுப் பக்கம் நடந்து போகும், வந்து எடுத்துக்கொள்ளும் என்று அந்தம்மா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உள்ளே மணி அடித்தது. பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மேட்டு வளைவு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். இந்த வயதில்.

ரோட்டோரம் ஒரு மதகுச் சுவர். அதன்மேல் மெர்சி உட்கார்ந்திருந்தாள். நான் மிளகுக் கொடி ஏறிய மரம் ஒன்றின் பின்னால் நின்றேன். ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். அவள் ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றாள். தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பள்ளத்தில் போட்டாள். கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் போயிற்று, ஏறவில்லை. யாரும் வரவில்லை, யாரையும் எதிர்பார்த்த மாதிரியும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் பிள்ளை கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் ஒரு குற்றமும் கிடைக்கவில்லையே என்று ஏமாற்றமாக இருந்தது. அதை உணர்ந்த நொடியில் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. கால் மாற்றி வைத்தேன், சருகு சத்தம் போட்டது, அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

அவள் பதறவில்லை. என் கையில் இருந்த செருப்பைப் பார்த்தாள். "அவரு அனுப்பினாருங்களா மாமா, நீங்களா வந்தீங்களா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள், ஒரு ஆரஞ்சு கொடுத்தாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன், தின்ன முடியவில்லை. அவளாகவே பேசினாள்.

"வாரத்துல ரெண்டு மணி நேரம் நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியாம இருந்தா மனசுக்கு நொம்ப நல்லா இருக்குதுங்க மாமா. அவருகிட்ட கேட்டுப் பாத்தேனுங்க. ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லீன்னா எதுக்கு அணைக்கோணும்னு கேக்கறாருங்க. அதுக்கு என்னங்க பதில் சொல்றது?"

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ராத்திரி அவள் எத்தனை மணிவரை விழித்திருந்தாள் என்று காலையில் நீ சொல்வாயாம். பதில் போட ஐந்து நிமிஷம் ஆனால் அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஒரு காரணம் வேண்டுமாம். இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸை, கடைக்குப் போனால் கடையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறாளாம், எதற்கும் இருக்கட்டும் என்று. உன்னைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லவருங்க, என்மேல் உசிருங்க என்றுதான் சொன்னாள். அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. ஊருக்குப் போய் அவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். பார்த்ததைச் சொல்வேன், நீ தனியாக உட்கார்ந்திருந்தாய் என்று சொல்வேன் என்றேன். "சொன்னா நம்புவாருங்களா?" என்றாள். நான் எழுந்துவிட்டேன்.

வண்டியை எடுப்பதற்குள் நீ கூப்பிட்டாய். தையல்காரம்மா ஊட்டில் ஜாக்கெட் அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று பொய் சொன்னேன். உன்னைச் சமாதானம் செய்கிற பொய் அது. நீ சமாதானம் ஆனாயா? ஜாக்கெட் அளவு கொடுக்க ரெண்டு மணி நேரமா என்று கேட்டாய். வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டாய். உள் அறையைப் பார்த்தீர்களா என்று கேட்டாய். குரல் உன்னுடையது, கேள்வியெல்லாம் நான் அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் டிரைவரிடம் கேட்டவை.

ஊட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பைக் கழற்றியதைக்கூட விடவில்லை. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் முறத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அது தோணாமப் போச்சுங்க. நானும் எங்கயாச்சும் செத்த நேரம் உக்காந்திருக்கலாம்" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் கேட்காமல் அவள் என்னிடம் சொன்ன முதல் பேச்சு அது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

ஃபாதர் நான் விருந்துக்கு அழைக்க வந்திருப்பதாக நினைத்தார். தடை சொல்ல வந்திருக்கிறேன் என்றதும் கதவைச் சாத்தினார். பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருக்கிறதா, சொந்தத்தில் ஏதாவது முறை தவறுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். பெண்ணிடம் ஒன்றும் இல்லை, தடை மாப்பிள்ளையிடம் இருக்கிறது, அது என்னிடமிருந்து அவனுக்கு வந்தது என்றேன். இதெல்லாம் தடையில் சேராதே என்றார். சேராது என்று எனக்கும் தெரியும் ஃபாதர், உங்களுக்குத் தெரிந்த எந்தத் தடையும் ஒரு பெண்ணைப் பல்ப்பர் கொட்டகையில் நிறுத்தாது என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. ஆனாலும் உன்னோடும் அவளோடும் தனித்தனியாகப் பேசாமல் மூன்றாவது ஓலை வாசிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். தவக்காலம் தொடங்குவதற்குள் அது முடியாவிட்டால் ஈஸ்டருக்குப் பிறகுதான் கல்யாணம், அல்லது இல்லை. மெர்சியின் அப்பாவிடம் போய், தவறு எங்கள் பக்கம் என்று நின்றுகொண்டே சொல்லிவிட்டு வந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏரிக்கரையில் பார்க்கிறேன், உன் வயதுப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக வருகிறார்கள், படகில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்க்கிறார்கள். ஒருத்தி கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினால் அவன் கண் அவள் போன் பிடித்த கையிலேயே இருக்கிறது. எனக்காவது செடிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. மழை வந்தால், கால் வலித்தால் திரும்பிவிடுவேன். சந்தேகத்துக்கும் ஓய்வு கிடைத்தது. உங்களுக்கு அந்த ஓய்வும் இல்லை. அன்பாக இருப்பதும் வேவு பார்ப்பதும் ஒரே போன் கண்ணாடியில் ஒரே விரலால் நடக்கிறது, எதைச் செய்கிறோம் என்று உங்களுக்கே தெரிவதில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பது உனக்கு எந்நேரமும் தெரியும். அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ கடைசியாக எப்போது கேட்டாய்?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஒன்றை மட்டும் உனக்குள் பார். அவள் மதகுச் சுவரில் தனியாக உட்கார்ந்து ஆரஞ்சு தின்றாள், யாரும் வரவில்லை என்று மேலே எழுதினேனே, அதைப் படித்தபோது உனக்கு முதலில் தோன்றியது என்ன? பாவம், இப்படிப் போய்த் தனியாக உட்காரும்படி வைத்துவிட்டோமே என்றா? இல்லை, அப்பா கிளம்பின பிறகு யார் வந்தார்கள் என்றா? உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தோன்றியது இரண்டாவதுதான். அவளிடம் விடைபெற்று நடந்தவன் வளைவில் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உனக்குத் தோன்றியது முதலாவது என்றால் இந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி வா, ஃபாதரைப் பார். எனக்குத் தோன்றியதுதான் உனக்கும் தோன்றியிருந்தால் வராதே, கண்ணு. அந்தப் பெண்ணை விட்டுவிடு.

உன் அப்பா